முடியாத கொழுந்து ஓட்டம்

நீலகிரியில் கிளென்மார்கன் பக்கம் 1967 குடியரசு தினத்தன்று காலையில் தொடங்கிய கொழுந்து ஓட்டம் இன்னும் முடியவில்லை. ஓடுகிறவர்கள் இரண்டே பேர்: மேல்தோட்டத்துக்கு பியாட்ரிஸ், கீழ்த்தோட்டத்துக்கு சங்கிலி. தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சோலை ஓரத்தில் கிளம்பி, பள்ளத்தில் இறங்கி ஏறி, பைக்காரா சாலையில் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றைத் தொட வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் பந்தயம் வேறெங்கும் உண்டா என்று தெரியாது. இங்கே யார் தலையில் இருந்தாலும் மூட்டை மூட்டைதான். ஜெயித்த தோட்டம் வருஷம் பூராவும் தோற்றவர்களைச் சந்தையில் பார்த்துச் சிரிக்கலாம். அந்தச் சிரிப்புக்காக மண்டைகள் உடைந்திருக்கின்றன.

முந்தின வருஷம் பியாட்ரிஸ் ஜெயித்தாள். மூட்டையை இறக்க முடியாமல் தள்ளாடியவளுக்குத் தோற்றுப்போன சங்கிலி கைகொடுத்தான். ஊர் பார்த்தது அவ்வளவுதான். அதன்பிறகு ஓடைக்கரையில் அவர்கள் சந்தித்ததை யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. இருவரும் எதிரெதிரே வந்து நின்றால், எப்பேர்ப்பட்ட வெயிலிலும் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடு அகலத்துக்கு ஒரு மூடுபனி இறங்கி அவர்களை மட்டும் மூடிக்கொள்ளும். உள்ளே கதகதப்பாகக்கூட இருந்ததாம்.

பனி நல்ல எண்ணத்தோடுதான் வந்தது. ஆனால் கூடவே கொழுந்தையும் நனைத்துவிட்டது. ஈரக் கொழுந்துக்கு எடையில் தண்ணீர்க் கழிவு பிடிப்பது இரண்டு தோட்டத்திலும் வழக்கம். மழை ஓய்ந்த மார்கழியில், ஊட்டியை ஒட்டிய காந்தலில் நடந்த ஒரு மாதாகோவில் கல்யாணத்தில், எடை போடும் ரைட்டர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். எல்லார் மூட்டையும் காய்ந்து வரும்போது எங்கள் சங்கிலியின் மூட்டை மட்டும் சொட்டச் சொட்ட வருகிறது என்று ஒருவர் சிரித்தார். எங்கள் பியாட்ரிஸும் அப்படித்தான் என்றார் மற்றவர். பிறகு எந்தெந்த நாள் என்று பேசிப் பார்த்தார்கள்; இரண்டும் ஒரே நாட்கள். பிரியாணி ஆறுவதற்குள் விஷயம் இரண்டு தோட்டத்துக்கும் எட்டிவிட்டது.

பியாட்ரிஸின் அப்பா தேவநேசன் மேல்தோட்டத்து மேஸ்திரி. அவனிடம் தோற்றால் அது விட்டுக்கொடுத்ததுதான், தவக்காலத்துக்கு முன்னால் உன்னைக் குன்னூருக்குக் கட்டிக்கொடுத்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லிவிட்டார். கீழ்த்தோட்டத்திலும் சும்மா இல்லை. தோற்றால் சட்டி பானையைத் தூக்கி வெளியே வைப்போம் என்று சங்கிலியிடம் சொன்னார்கள். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் அழிய வேண்டும் என்று ஆகிவிட்டது. பாவம், வாட்டசாட்டமான அந்த இரண்டு பேரும் சோறு இறங்காமல் மெலிந்துபோனார்கள்.

குடியரசு தினத்தன்று காலை கொடியசைத்தவர் டீக்கடை கருணாகரன். வாயில் விசில் இருந்ததால், அருகருகே நின்ற இருவரும் சொல்லிக்கொண்டதைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க தோத்தா உங்களத் தொரத்தியுடுவாங்க. நாந் தோத்தா என்னையக் கட்டிக் குடுத்துருவாங்க” என்றாள் பியாட்ரிஸ்.

“அப்பறம் ஆருதான் தோக்கறது?” என்றான் சங்கிலி.

“ஆரும் தோக்க வேண்டாமுங்க. ஓடிட்டே இருக்கலாம்.”

ஓடினார்கள். பள்ளத்தில் பனி இறங்கியது. மத்தியானத்துக்கு மேல் அது மட்டும் சாலைக்கு ஏறி வந்தது, உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. தேடி உள்ளே நுழைந்தவர்கள் மறுபக்கம் ஈரச் சட்டையோடு வெளியே வந்தார்கள். சத்தம் எப்போதும் அவர்களுக்கு நாலடி முன்னாலேயே இருந்தது. அன்று மாலை இரண்டு தோட்டமும் தங்கள் ஆள்தான் முந்துவதாக அறிவித்தன. யாரும் தோற்காததால் யாரையும் தண்டிக்க வழியில்லை. குன்னூர் மாப்பிள்ளை காத்திருந்து பார்த்துவிட்டு வேறிடத்தில் கட்டிக்கொண்டார். சங்கிலியின் வீட்டைப் பூட்டி வைத்தார்கள். இரண்டு ஃபாக்டரியிலும் கொழுந்து வாட்டும் தட்டில், வராத அந்த மூட்டைக்காக ஓர் ஓரம் காலியாகவே கிடந்தது.

பனி வருஷத்துக்குக் கொஞ்சமாகக் கயிற்றை நெருங்கியது. தேவநேசன் தினமும் சாயங்காலம் கயிற்றருகே வந்து நின்றார், முதலில் தடியோடு, பிறகு தடியில்லாமல். கயிறு கைக்கெட்டும் தூரத்துக்குப் பனி வந்துவிட்ட ஓர் ஆடி மாதச் சாயங்காலம், இரண்டு ஜோடிக் காலடிக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று கேட்டது. சின்னக் கால். இரண்டடி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கிழவர் அங்கேயே நின்று அழுதார். அப்புறம் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு சாலையில் நடந்தார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கருணாகரன் கேட்டார்.

“கொழந்த நடக்குதுங்க. மொள்ள வரட்டும்” என்றார் தேவநேசன்.

அடுத்த வளைவுக்கு அப்பால் கொண்டுபோய்க் கட்டினார். பனி நெருங்கும் போதெல்லாம் அப்படியே செய்தார். அவர் காலமான பிறகு இரண்டு தோட்டத்துக்காரர்களும் முறை வைத்துத் தள்ளிக் கட்டுகிறார்கள். இப்போது கயிறு காந்தல் முக்கில் இருக்கிறது. பஸ் வந்தால் அவிழ்த்துவிடுகிறார்கள், போனதும் கட்டிவிடுகிறார்கள்.