கூரைக்குள் ஈரம்

மகள் டில்ஷாவின் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கதிரையில் ஏறி நின்று அஞ்சலா சீலிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ப்ளீச்சில் நனைத்த துணி பட்ட இடமெல்லாம் கறுப்பு மங்கிச் சாம்பலாகி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் வெள்ளையாகும். அடுத்த கிழமை அதே இடத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் மறுபடி தொடங்கும். டார்னெய்ட் புறநகரில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்து இது இரண்டாவது குளிர்காலம். பூசணத்தோடு சேர்ந்து மகளுக்கு இழுப்பும் வந்திருந்தது. காலையில் எழும்பும்போதே நெஞ்சுக்குள் மெல்லிய விசில் கேட்கும். ஏழு வயதுப் பிள்ளை தலையணைக்குக் கீழே மூச்சுமருந்துப் பஃபரை வைத்துக்கொண்டு தூங்கப் பழகிவிட்டாள். "ஏலாமல் இருக்கா, செல்லம்?" என்று கேட்டால், "ஐம் ஓகே, அம்மா" என்பாள். அஞ்சலா ஆஸ்பத்திரியில் தாதி. ஊரார் பிள்ளைகளின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்பது அவளுடைய தொழில்.

முதல் குளிர்காலத்தில் பூசணத்தைக் கண்டதும் அருந்தவனைத்தான் கூப்பிட்டார்கள். வீட்டைக் கட்டிய கம்பனியில் அவன் மேற்பார்வையாளன். இந்தக் காணியைக் காட்டிக்கொடுத்ததும் அவன்தான். அஞ்சலா இந்த நாட்டுக்குப் படிக்க வந்த காலத்தில், கூட வந்த கணவன் நொயல் ஆங்கிலமும் சரிவராமல் வேலையும் கிடைக்காமல் வீட்டுக்குள் குமைந்துகொண்டிருந்தபோது, அவனைக் கூட்டிக்கொண்டு போய் பிளாஸ்டர் பலகை அடிக்கும் வேலையில் சேர்த்துவிட்டவனும் அவனே. அருந்தவன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அறை அறையாகப் பார்த்தான். கடைசியாகக் குசினிக்குள் வந்து நின்றான்.

"குறை நினைக்காதையும், அஞ்சலா. வீட்டில பிழை இல்லை. இது எங்கட ஆக்களின்ர சமையல் செய்யிற வேலை. புட்டு, இடியப்பம் எண்டு எந்த நேரமும் ஆவி. உடுப்பையும் உள்ளுக்குத்தான் காயப்போடுறீங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னல் திறக்கிறேல்லை. அந்த ஈரம் எங்க போறது?"

நொயல் தேத்தண்ணிக் கோப்பையின் விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அஞ்சலா புட்டுப்பானையைக் கழுவித் துடைத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். சோற்றுப்பானையைக் கராஜுக்குள் வைத்து, ஜக்கெட் போட்டுக்கொண்டு சமைத்தாள். உடுப்புகளும் அங்கேதான் காய்ந்தன, காயாமல் நாறின. பல்லுக் கிட்டும் காலைகளில் ஜன்னல்களை எல்லாம் விரியத் திறந்துவிட்டாள். மகள் மேசையில் நடுங்கிக்கொண்டு பாலும் சீரியலும் சாப்பிட்டாள். ஜன்னல் கண்ணாடியில் ஈரம் படர்ந்தால் அஞ்சலா யாருடைய மூச்சு அது என்று பார்க்கத் தொடங்கினாள். ஒரு ஞாயிறு பூசைக்குப் போனபோது, இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்றுகூட நினைத்தாள். சாமியாரிடம் என்னவென்று சொல்வது? இடியப்பம் அவித்தேன் என்றா?

ஜூலை விடுமுறைக்கு அருந்தவனின் மனைவி நிரூபாவின் தமையன் குடும்பம் சிட்னியிலிருந்து வந்திருந்தது. சமையலுக்குக் கை உதவி வேண்டுமென்று நிரூபா கூப்பிட்டாள். இரண்டு தெரு தள்ளி, அதே கம்பனி கட்டிய, அதே அமைப்பான வீடு. குசினிக்குள் நுழைந்தபோது பெரிய பானையில் புட்டு வெந்துகொண்டிருந்தது. ஜன்னல் ஒன்றும் திறந்திருக்கவில்லை. நடைவழியில் பிள்ளைகளின் நனைந்த உடுப்புகள் வரிசையாகத் தொங்கின. அஞ்சலா பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தாள். சீலிங் புதுத்தாள் போல் இருந்தது.

"ஜன்னலைத் திறக்கட்டே, நிரூபா? பூசணம் பிடிக்கப்போகுது."

"ஐயோ, குளிரும் அக்கா, விடுங்கோ. அதெல்லாம் முதல் வின்ரர்தான். குளியலறை, குசினி ஃபேனுகள் ஈரக்காத்தை வெளியால விடாமல் கூரைக்குள்ளயே ஊதிக்கொண்டு இருந்திருக்கு. பிளானில குழாய் இருக்காம், அவசரத்தில பூட்டாமல் மூடிப்போட்டாங்களாம். பிறகு இவர் குழாயைப் போட்டு ஓட்டுக்கு மேலால எடுத்துவிட்டவர். அதோட நிண்டிட்டுது."

"ஆர் வந்து செய்தது?"

"ஆரெண்டு கேக்கிறீங்கள்! நொயல் அண்ணையும் இவரும்தானே கூரைக்குள்ள ஏறினவை. உங்கட வீட்டுக்கும் அப்பவே பூட்டியாச்சு எண்டெல்லோ நான் நினைச்சன்." சொல்லிவிட்டு நிரூபா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். அகப்பை அவள் கையில் அப்படியே நின்றது.

அஞ்சலா புட்டுக் குழலுக்குள் தேங்காய்ப்பூவைப் போட்டாள். பிறகு மாவைப் போட்டாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, தலையிடிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

குளியலறையில் சுடுதண்ணீரையும் ஃபேனையும் போட்டுவிட்டு, கராஜிலிருந்து ஏணியைக் கொண்டுவந்து, நடைவழிச் சீலிங்கின் சதுர மூடியைத் தள்ளித் தலையை உள்ளே நீட்டினாள். முதலில் நெற்றியில் ஒரு துளி விழுந்தது. கைபேசி வெளிச்சத்தில் ஓட்டின் அடியிலிருந்த வெள்ளித்தாள் முழுவதும் நீர்முத்துகள் கோர்த்து நின்றன. மரச்சட்டங்கள் கறுத்திருந்தன. குளிருக்காகப் பரப்பிய பஞ்சு நனைந்து, படுத்த படுக்கைபோல் அமுங்கிக் கிடந்தது. ஃபேனின் வாய் எந்தக் குழாயோடும் சேராமல் திறந்திருந்தது. அதிலிருந்து ஆவி புசுபுசுவென்று எழும்பி, போக வழியில்லாமல் கூரைக்குள்ளேயே சுற்றியது. கொஞ்சம் தள்ளி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், பொருத்த வேண்டிய குழாய் சுருண்டு கிடந்தது.

காரணம் நான் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு கணம் உடம்பே இலேசானது. அடுத்த கணம் நொயலின் ஞாபகம் வந்தது. ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பின்னேரம் நொயல் தலையெல்லாம் வெள்ளைத்தூளோடு வந்தான். நடைவழியில் ஏணியைக் கண்டதும் நின்றான். ஏன் என்று கேட்கவில்லை.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"போன வின்ரர்." தரையைப் பார்த்துச் சொன்னான். "அருந்தவன் கெஞ்சினவன், அஞ்சலா. இந்தப் பக்கம் கனக்க வீடு அப்பிடித்தான். எல்லாம் சரியெண்டு கையெழுத்து வைச்சது அவன். வெளிய வந்தால் அவனுக்கு வேலை இல்லை. பிறகு எனக்கு ஆர் வேலை தாறது?"

"எங்கட வீட்டுக்கு மட்டுமாவது சத்தம்போடாமல் பூட்டியிருக்கலாமே. குழாய் மேலதானே கிடக்குது."

"ஓட்டைக் கழட்டினால் நீ ஏனெண்டு கேப்பாய். கேட்டால் சும்மா இருக்கமாட்டாய், கம்பனிக்குப் போவாய்." தலையிலிருந்த தூளைத் தட்டினான். "நீ புட்டு அவிக்கிறதை நிப்பாட்ட, குறைஞ்ச மாதிரியும் இருந்தது. பாப்பம் எண்டு விட்டிட்டன்."

போன ஆகஸ்டில் ஒருநாள் மகளைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடியிருந்தார்கள். பிள்ளையின் வாயில் முகமூடியை வைத்துப் பிடித்தபடி அஞ்சலா "என்னாலதான், என்னாலதான்" என்று அழுதாள். நொயல் பக்கத்தில் இருந்து அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். "அழாத" என்றான். அந்தக் கை எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது இப்போது ஞாபகம் வந்தது. அவள் முதுகு கூசியது. கல்யாணமான நாளிலிருந்து இவன் அதிகம் பேசாதவன். அதைப் பொறுமை என்று அவள் எல்லோருக்கும் சொல்லிவந்திருந்தாள்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கவே கம்பனிக்குப் போன் எடுத்தாள். "ஒருக்கா யோசி" என்றான் நொயல். அவள் மறுபக்கம் திரும்பி நின்று, விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

அடுத்தநாளே அருந்தவன் வந்தான். அவள் வலைக்கதவைத் திறக்கவில்லை.

"அஞ்சலா, நான் உங்களுக்கு என்ன குறை வைச்சனான்? ஒரு சொல்லு என்னட்டைச் சொல்லியிருக்கலாமே."

"உங்களிட்டத்தானே முதல் சொன்னது," என்றாள். "என்ர குசினிக்குள்ள நிண்டுதானே பதில் சொன்னீங்கள்."

அவன் அவளைத் தாண்டி உள்ளே நொயலைத் தேடினான். நொயல் சாப்பாட்டு மேசையருகே நின்றான். முன்னுக்கும் வரவில்லை, அறைக்குள் போகவும் இல்லை.

கம்பனி ஆட்கள் வருவதற்கு மூன்று கிழமை எடுத்தது. அதற்குள் அருந்தவனை விசாரணை முடியும்வரை வீட்டிலிருக்கச் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டார்கள். நொயலை எந்த வேலைத்தளத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. நிரூபா கடையில் அஞ்சலாவைக் கண்டு தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். அஞ்சலாவும் மகளும் முன்னறையில் படுத்தார்கள். நொயல் எங்கே படுக்கிறான் என்று அவள் கேட்கவில்லை.

வந்தவர்கள் முன்பக்க ஓடுகளைக் கழற்றி அடுக்கினார்கள். யாரும் கேட்காமலே நொயல் கையுறை போட்டுக்கொண்டு, ஊறிப்போன பஞ்சை அள்ளி அள்ளிப் புல்லில் கொண்டுவந்து போட்டான். கழுத்து வழியே தண்ணீர் இறங்கிச் சட்டை முதுகோடு ஒட்டியது. ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அவளைப் பார்த்தான். அவள் டில்ஷாவின் சால்வையைச் சரிசெய்துகொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றாள். கூரையில் திறந்த இடத்தில், வெயில் பட்டு, நனைந்த மரச்சட்டங்கள் ஆவி கிளம்பிப் புகையத் தொடங்கின.

எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குவிந்துகிடந்த பஞ்சையும், புகைந்துகொண்டிருந்த கூரையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி, கண்களுக்குமேல் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.