சங்கிலியின் மேல் போட்ட பழி

ஆய்வகத்தில் அவளை வாளி என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் ஒரு நாள் ஆற்றோரம் ஐந்து இடங்களில் வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு, ஐந்து புட்டிகளில் கொண்டுவருவது அவள் வேலை. இடங்களுக்கு மேலிருந்து கீழாக ஒன்று முதல் ஐந்து வரை எண் உண்டு. மொள்ளும்போது மட்டும் ஐந்தில் தொடங்கி, ஆற்றை எதிர்த்து மேலே போக வேண்டும். இல்லாவிட்டால் அவள் கலக்கிவிட்ட சேறு அவளுக்கு முன்னால் அடுத்த இடத்துக்குப் போய் நிற்கும்.

வீட்டில் வேறு பெயர், பயந்தாங்கொள்ளி. குக்கர் விசிலுக்கே தூக்கிவாரிப் போடும் அவளுக்கு.

அன்று புட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேதியியலாளரின் பதிவேடு திறந்து கிடந்தது. குரோமியம் என்ற நச்சு உலோகத்துக்கான பத்தியில் நான்கு வாரமாக எண்கள் இருந்தன. ஒவ்வொரு வாரமும் அவற்றுக்கு எதிரே பென்சிலால், 'சங்கிலியால் வந்த பிழை.'

அதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். மழை வெள்ளத்தில் வாளிக்கயிறு அறுந்துபோக, பண்டகசாலையில் பளபளவென்று குரோமிய முலாம் பூசிய சங்கிலி ஒன்றைக் கொடுத்தார்கள். அந்த வாரமே குரோமியம் தலைகாட்டியது. புதுச் சங்கிலி சார், என்று அவளே போய் ஒப்புக்கொண்டாள். முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று திட்டு விழுந்தது. சங்கிலியை மாற்றித் தரச் சொன்னதற்குப் பண்டகசாலைக்காரர், அறுந்தால்தான் புதுசு, மின்னுகிறது என்பதற்கெல்லாம் மாற்ற முடியாது என்று கையை விரித்துவிட்டார். அவளுக்கு வருத்தமில்லை. திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மனசு லேசாகத்தான் இருந்தது. மூன்றாம் இடத்துக்குச் சற்றுக் கீழே அவள் அக்காவின் வீடு. ஆற்றிலிருந்து பத்தடியில் கிணறு. ஐந்து மாதக் குழந்தைக்கு அந்தத் தண்ணீரில்தான் பால்மாவு கரைக்கிறாள் அக்கா. தப்பு தன்னுடையதாகவே இருந்துவிட்டால் நல்லது.

இப்போது நான்கு வார எண்களையும் ஒருசேரப் பார்த்தாள். ஒன்றில் இல்லை. இரண்டில் இல்லை. மூன்றில் திடீரென்று மிக அதிகம். நான்கில் குறைவு, ஐந்தில் இன்னும் குறைவு. நான்கு வாரமும் இதே வரிசை.

ஒரே சங்கிலி ஐந்து இடத்திலும் நனைந்ததே. குற்றம் அதனுடையது என்றால் ஐந்து புட்டியிலும் இருக்க வேண்டாமா? போகப்போகக் கழுவிக்கொண்டு போயிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், முதலில் நனைவது ஐந்தாம் இடத்தில்; அங்கேதான் அதிகம் இருக்க வேண்டும். சங்கிலியைக் குற்றவாளியாக்க அவள் படாதபாடு பட்டாள். எண்கள் விடவில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஆற்றில் விழுவது ஒன்றே ஒன்று, முலாம் பூசும் பட்டறைகளின் சாக்கடை. கயிற்றை அறுத்த அதே வெள்ளம் பட்டறைகளின் கழிவுக் குழியையும் உடைத்திருந்தால்?

வேதியியலாளரிடம் போய் எண்களையும் அக்கா வீட்டுக் கிணற்றையும் பற்றிச் சொன்னாள். அவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். நான்கு வார எண்களின் மேலும் விரலை ஓட்டினார்.

"சங்கிலிய காய்ச்சி வடிச்ச தண்ணில ஊறப்போட்டுப் பாப்போம். கிணத்துத் தண்ணியும் ஒரு புட்டி கொண்டா. நாளன்னைக்குத் தெரிஞ்சிடும்."

ஒரு நாளைக்கு ஆறு வேளைப் பால். இரண்டு நாளைக்குப் பன்னிரண்டு.

"அதுவரைக்கும் குழந்தைக்குக் குடுக்கலாமா சார்?"

அவர் தன் பென்சில் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அது போதும்.

அக்கா வீட்டுக்குப் போனவள் கிணற்றில் ஒரு புட்டி நிரப்பிக்கொண்டாள். அடுப்படிக்குப் போய்க் குடத்துத் தண்ணீரை அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள்.

"என்னடி இது? கிணத்துல முதலை கிதலை பாத்தியா?" என்றாள் அக்கா.

சாக்கடையைப் பற்றிச் சொன்னாள். கொதிக்க வைத்து ஆற்றித்தானே கொடுக்கிறேன், உன் பயத்துக்கு ஓர் அளவே இல்லையா என்று அக்கா சிரித்தாள்.

"கொதிச்சா கிருமிதான் சாகும்க்கா. இது உலோகம். தண்ணி சுண்டினாலும் அது அப்படியே நிக்கும்."

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. இவள் இதற்கு முன் எதற்குப் பயந்தபோதும் காரணம் சொன்னதில்லை.

இரண்டு நாளும் அவள் தன் வீட்டுக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். குழந்தை இருமினால் நின்றாள். தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. சங்கிலி ஊறிய தண்ணீரில் ஒன்றுமில்லை. கிணற்றுத் தண்ணீரில் இருந்தது. ஆற்றைவிடக் குறைவு, ஆனால் குடிக்கக்கூடிய அளவில்லை. வேதியியலாளர் பென்சில் எழுத்துகளை அழிக்கவில்லை. ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டார். பிறகு கரையோரக் கிணறுகளையெல்லாம் மூடச் சொல்ல மேலதிகாரிக்குத் தொலைபேசியை எடுத்தார்.

அவள் ஓட்டமும் நடையுமாக அக்காவிடம் போனாள். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததுமே தட்டுவதை நிறுத்தினாள்.

"எப்பலேருந்துடி இருக்கு?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். யாரும் சரிபார்க்கப்போவதில்லை. ஆனால் அந்த நாள் அவளுக்கு மனப்பாடம். திட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வெளியே வந்த நாள்.

"நாலு வாரமா. முதல் வாரமே புட்டில இருந்துச்சுக்கா. வாளிச் சங்கிலியோட குத்தம்னு சொன்னது நான்தான்."

அக்கா குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள். இந்த முறை திட்டு எதையும் லேசாக்காது என்றும் தெரிந்திருந்தது.

"டாக்டர்கிட்ட கிளம்பறேன். நீயும் வா," என்றாள் அக்கா கடைசியில். "எப்பலேருந்துன்னு கேப்பாரு. தேதி உனக்குத்தான் தெரியும்."

அவள் பால்புட்டியை எடுத்துப் பையில் வைத்தாள்.