சப்வூஃபரை எந்த மூலையில் வைப்பது

ஆபீசில் அவனுக்குப் 'பூட்டு' என்று பெயர். அலமாரியைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்ப்பான். படியிறங்கிப் போனவன் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பான். தன் நிழல் பின்னால் வந்தால்கூட எதற்கு வருகிறாய் என்று கேட்கிற ஆள். அப்பேர்ப்பட்டவன் பாட்டுக் கேட்பதற்கென்றே வீட்டில் ஒரு அறை வைத்திருந்தான்.

சும்மா அறை இல்லை. சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை, தரையில் கனத்த கம்பளம். உள்ளே நின்று கைதட்டினால் சத்தம் கையிலேயே செத்துப் போகும். "இது உள்ள எதிரொலியைத்தான் சார் அடக்கும். வெளிய போற சத்தத்தை நிறுத்தாது. அதுக்குச் சுவரையே வேற மாதிரி எழுப்பணும்" என்று பலகை விற்றவர் படித்துப் படித்துச் சொன்னார். சுவரையும் நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று பூட்டு மனசுக்குள் சிரித்துக்கொண்டு வந்துவிட்டான்.

இப்போது அந்த அறைக்கே ஆபத்து வந்திருந்தது. மாமியார் தவறிப்போன பிறகு மாமனார் இங்கே வந்து, அதை ஒட்டிய சின்ன அறையில் இருந்தார். வந்த புதிதில் மனைவி, "உங்க பாட்டு ரூம் பெருசு. அப்பா இருந்தா கொஞ்சம் காலை நீட்டி நடப்பாரு" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். போதாதா? அப்பாவும் மகளும் சேர்ந்து அறையைப் பிடுங்கத் திட்டம் போடுகிறார்கள் என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டான்.

மாமனார் நடந்துகொண்டதும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர், திடீரென்று ஒரு தடவை போட்டதோடு நிறுத்தித் தட்டைக் கழுவப் போனார். கோபத்தைக் காட்டி மகள் மனசைக் கலைக்கிறார் என்று பட்டது. இருமல் வந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். எதையோ மறைக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, இவன் பாட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் போதும், அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். எங்கே போகிறார் என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தான். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற பஸ்ஸை எல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ வரப்போகிறார்கள், கூட்டாளியாகத்தான் இருக்கும் என்று சந்தேகம் இன்னும் முற்றியது.

இதையெல்லாம் கொட்டித் தீர்க்க அவனுக்கு அக்கா இருந்தாள். பாட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ஒன்று விடாமல் சொல்வான். ஈ காக்கைக்குக்கூடக் கேட்காது என்ற தைரியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சப்வூஃபர் வந்து இறங்கியது. பாட்டின் அடித்தொனியை மட்டும் முழங்குகிற கறுப்புப் பெட்டி. அதற்கு இடம் பிடிக்க ஒரு வழி உண்டு. பெட்டியைத் தூக்கி நாம் உட்கார்கிற நாற்காலியில் வைத்துப் பாட்டை ஓடவிட வேண்டும். நாம் சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேட்க வேண்டும். முழக்கம் எங்கே குழம்பாமல் கேட்கிறதோ, அதுதான் பெட்டிக்கு இடம். பூட்டு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ்ந்தான்.

"என்னங்க, கம்மல் ஏதாச்சும் தொலைஞ்சு போச்சா?" என்று மனைவி சிரித்தாள்.

சுற்றிச் சுற்றி வந்ததில் ஒரு மூலைதான் தேறியது. அது மாமனார் அறையை ஒட்டிய மூலை. பூட்டுக்குத் திக்கென்றது. பெட்டியை இங்கே வைத்தால், இடி தாங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்று கிழவர் ஆரம்பிப்பார்; அதைச் சாக்கு வைத்து அறையைக் கேட்பார்கள். அதற்கு முன்னால் அங்கே எவ்வளவு கேட்கிறது என்று தானே பார்த்துவிட வேண்டும். பெட்டியை மூலைக்கு மாற்றினான். மாமனாரை அவர் அறையிலிருந்து கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தான். மனைவியிடம் பாட்டைப் போடச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போய், பக்கத்து அறைக் கட்டிலில் உட்கார்ந்தான்.

முழக்கம் சுவரைத் தாண்டி முதுகெலும்பில் இறங்கியது. அது எதிர்பார்த்ததுதான். பாட்டு முடிந்தது. அப்புறம்தான் மனைவியின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது.

"அப்பா, இந்த மூலை வேணாம்னு சொல்லுங்க. உங்க தலைமாட்டுலயே இடிக்கும்."

"வேணாம்மா, இங்கயே இருக்கட்டும். இது முழங்கிட்டிருந்தா பேச்சு காதுல விழாது."

"என்ன பேச்சு?"

"ஒண்ணுமில்ல. பொதுவாச் சொன்னேன்."

பூட்டு திரும்பிச் சுவரைப் பார்த்தான். 'ரெண்டாம் தடவை கேட்டு வாங்கித் திங்குறாருக்கா, வெக்கமே இல்லாம.' 'இருமி இருமியே உயிரை எடுக்குறாரு.' அக்காவிடம் சொன்னது ஒவ்வொன்றும் வந்து எதிரே நின்றது. ஒரு தடவையோடு கழுவிய தட்டும், வாயைப் பொத்திய துண்டும் எதற்கென்று இப்போது தெரிந்தது. கேட்க முடியாமல்தான் மனுஷன் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒருவழியாக எழுந்து பாட்டு அறைக்குத் திரும்பிப் போனான். அவன் உள்ளே நுழைந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. அக்கா.

மாமனார் சட்டென்று எழுந்து, கதவோரம் சாத்தியிருந்த குடையைக் கையில் எடுத்தார். "நீங்க பேசுங்க மாப்பிள்ளை. நான் அப்படியே ஒரு நடை போயிட்டு வந்துடறேன்."

பூட்டு போனை அணைத்தான். "இல்ல மாமா... உக்காருங்க..." என்றான்.

"பரவாயில்ல மாப்பிள்ளை. பழகிப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டார்.

கதவைப் பூட்டாமல், செருப்புக்கூடப் போடாமல், பூட்டு அவர் பின்னாலேயே ஓடினான்.