பத்து இதழ்ச் சண்டை

ரயில்பாதையை ஒட்டிய புல்வெளியில் லாரிக்காரரின் மனைவி குப்புறப் படுத்து, லென்ஸை வலது கண்ணோடு ஒட்டிப் பிடித்தாள். கண் ஆபரேஷனுக்குப் போட்ட கட்டைப் பிரித்ததும் நேரே இங்கேதான் வந்திருந்தாள். "ஒரு கண்ணாவது தேறும்னு நம்புவோம்" என்றிருந்தார் டாக்டர். அந்த 'நம்புவோ'மையே லாரிக்காரர் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

காட்டுப் பூவென்றால் அவளுக்கு உயிர். மருந்துக்கடை வேலை முடிந்ததும் புல்வெளியே கதி என்று கிடப்பாள். பார்வை மங்கியபின் அவர் மண்டியிட்டுப் பார்த்துச் சொல்ல, அவள் நின்றபடியே பெயர் சொல்வாள். ஆயுசுக்கும் ரோட்டையே பார்த்த மனுஷன், பாவம், என்ன சொல்வார்? "ஹெட்லைட் மாதிரி மஞ்சளா இருக்குடி" என்பார். அவள் வயிறு வலிக்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டார்.

இந்தப் பொடி வெள்ளைப் பூவில்தான் போன வருஷம் சண்டை மூண்டது. எண்ணிப் பார்த்துப் பத்து இதழ் என்றார் அவர்.

"அஞ்சுதாங்க இருக்கணும். ஒவ்வொண்ணும் நடுவுல பிளந்து, அடியில ஒட்டியிருக்கும். நல்லாப் பாருங்க."

"ஒட்டவே இல்லடி. எனக்கென்ன எண்ணத் தெரியாதா?"

கண்ணாடி போட்டால் கௌரவம் குறைந்துவிடும் அவருக்கு. ஒரு வருஷமாகப் பத்திலிருந்து இறங்கவே இல்லை.

இப்போது அவள் லென்ஸை அதே பூவுக்கு நேரே பிடித்தாள். கதவுத் தாழ்ப்பாளைக்கூடத் தடவித் தேடிய அந்தக் கை, தயங்காமல் நேரே பூவுக்குப் போனது. நகத்தால் ஒரே ஒரு இதழைக் கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். முயல்காது மாதிரி இரண்டாகப் பிரிந்து, அடியில் ஒன்றாக இருந்தது.

"இது ஒண்ணா, ரெண்டா? சொல்லுங்க."

அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். பிறகு ஓவென்று கத்தினார். "தோத்துட்டேன்யா! நல்லாத் தோத்துட்டேன்!"

நாயோடு போய்க்கொண்டிருந்த ஆள் திடுக்கிட்டு நின்றார். லாரிக்காரர் அவரைப் பார்த்துக் கும்பிட்டார், வானத்தைப் பார்த்தும் கும்பிட்டார். அந்த டாக்டர் நூறு வயசு வாழணும் என்றார். உள்ளங்கையாலேயே முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். பிறகு கையிலிருந்த இதழைக் காணோமென்று புல்லில் குனிந்து தேடினார்.

அதற்குள் அவள் தவழ்ந்து அடுத்த செடிக்குப் போயிருந்தாள். அங்கிருந்தே திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இதழைத் தொலைச்சிட்டு எங்கங்க தேடறீங்க? உங்க கன்னத்துலதான் ஒட்டிட்டிருக்கு."