ஜாமில் விழுந்த ஆசிட்

தையற்காரருக்குக் கடைத்தெருவில் ‘புலி’ என்று பட்டப்பெயர். எந்தப் புண்ணியவான் வைத்தானோ, மனிதர் பல்லிக்கே பத்தடி தள்ளி நிற்பவர்.

அன்று காலை, ஆப்பிள் ஜாம் தடவிய நாலாவது ரொட்டித் துண்டை மென்றுகொண்டே சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். மாமியார் ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியை அள்ளி, உப்புக்கறை படிந்த கெட்டிலில் போட்டு வெந்நீர் ஊற்றினார். கல்லாக ஒட்டியிருந்த கறை நுரைத்துக் கரைந்தது. அடுத்து, அதே டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, அடுப்பில் கொதித்த புது ஜாமில் தூவினார்.

“அத்தை... அது என்ன பொடி?”

“சிட்ரிக் ஆசிட், மாப்பிள்ளை. நீங்க சாப்பிடுற ஜாம்லயும் போட்டிருக்கேன்.”

வாயிலிருந்த ரொட்டி தானாக வெளியே வந்தது. தையற்காரர் கட்டிலில் போய் விழுந்தார்.

“கல்லையே கரைக்குதே! என் குடல் எம்மாத்திரம்?”

சத்தம் கேட்டு மாடியிலிருந்து மச்சான் ஓடி வந்தார். தையற்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மச்சான், உங்க தங்கச்சியைப் பாத்துக்குங்க. என் பெரிய கத்தரிக்கோல் இனி உங்களுக்குத்தான்.”

“சரி மாப்ள. அதை எங்க வச்சிருக்கீங்க?”

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “எலுமிச்சம்பழத்துல இருக்கிற அதே புளிப்புதாங்க அது. ஜாம் சீக்கிரம் கெடாம இருக்கக் கொஞ்சூண்டு போடுறது. நீங்க வாங்கிக் குடிக்கிற ஜூஸ் பாட்டில்லயும் இருக்கு.”

“அப்ப கெட்டில்?”

“கெட்டில்ல படியிறது சுண்ணாம்பு. புளிப்பு பட்டா கரையும். உங்க வயித்துல சுண்ணாம்பா பூசியிருக்கு?”

“பேர்லயே ஆசிட்னு இருக்கேடி!”

“உங்க பேர்லகூடத்தான் புலின்னு இருக்கு.”

மச்சான் சிரித்த சிரிப்பில் தையற்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று சமையலறைக்குப் போய், “யாருக்குப் பயம்?” என்று டப்பாவிலிருந்து ஒரு கரண்டிப் பொடியை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டார்.

முகம் பிழிந்த துணி போலச் சுருங்கியது. கண்ணில் நீர் கொட்டியது.

“துப்புங்க, துப்புங்க! கொஞ்சமா போட்டாத்தான் நல்லது. வெறும் பொடியைத் தின்னா நாக்கு புண்ணாகும், பல்லு கூசும்!” என்று மனைவி சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்க வைத்தாள்.

சாயங்காலம் வரை தையற்காரரால் பேச முடியவில்லை. வீடு இவ்வளவு அமைதியாக இருந்து வெகுநாளாயிற்று என்று மாமியாருக்கு உள்ளூரச் சந்தோஷம். மனம் இளகி, ஆறிய பால் ஒரு தம்ளர் கொண்டுவந்து நீட்டினார்.

அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்க நாக்கு புரளவில்லை. தையற்காரர் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டார்.