பத்து மணிப் பந்தயம்

மழை சற்றுக் குறைந்திருப்பதுபோலத் தெரிகிறது என்று மைக்கில் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். வர்ணனை அறையின் கண்ணாடியில் தண்ணீர் வாளி வாளியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஓடுபாதையும் தெரியவில்லை, அதற்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் உறைகளைத் தலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜனங்களும் தெரியவில்லை. இதே பொய்யை நான்கு மணியிலிருந்து வேறு வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தேன். பந்தயம் நடக்கும்போது பேசுவதற்குத்தான் சம்பளம் என்று நினைத்து இந்த வேலைக்கு வந்தவள் நான். நடக்காதபோது பேசுவதற்குத்தான் சம்பளம் என்பது சேர்ந்த பிறகு புரிந்தது.

முன்பெல்லாம் இந்தக் கார்ப் பந்தயம் காலை பத்து மணிக்குத் தொடங்கும். இந்தப் பருவத்தில் இங்கே மழை மதியத்துக்கு மேல்தான் வரும். மாடு மேய்ப்பவனுக்கும் தெரியும், மாட்டுக்கும் தெரியும். எங்கள் சேனலில் நிகழ்ச்சி நேரங்களை முடிவு செய்யும் அதிகாரிக்கு மட்டும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜனங்கள் தூங்குகிறார்கள், நான்கு மணிக்குத்தான் டிவி முன்னால் வந்து உட்காருகிறார்கள் என்று அவர் வண்ண வண்ணக் கோடுகள் போட்டுக் காட்டினார். பந்தயக் குழுவினர் பூம்பூம் மாடுபோலத் தலையாட்டினார்கள். போன வருடமும் மழை, அதற்கு முந்தைய வருடமும் மழை. உப்பு விற்கப் போனால் மழை என்று விதியை நொந்துகொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் மழை எப்போது வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு உப்பு மூட்டையைத் தூக்குகிறவர்கள். அந்த அதிகாரி ஒருமுறையாவது இங்கே வந்து நனைந்திருந்தால் மன்னித்திருப்பேன். அவர் வீட்டில் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பக்கத்து நாற்காலியில் சாம்பியன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. இந்தப் பாதையில் ஒரே ஒரு முறை, நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஜெயித்தார். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஆயுளை ஓட்டிவிட்டார். கொட்டும் மழையில் ஜெயித்தார் என்பது கதை. அதற்குச் சாட்சி ஒரு புகைப்படம். வெற்றி மேடையில் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருப்பார், முடி நெற்றியில் ஒட்டியிருக்கும், முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டும். அரங்க வாசலில் ஆள் உயரத்துக்கு அதை மாட்டியிருக்கிறார்கள். அவர் வீட்டு வரவேற்பறையில் இன்னும் பெரிது. ஆறு வருடமாக இந்தக் கதையைக் கேட்டுவருகிறேன். முதலில் கேட்டபோது பாதையில் கணுக்கால் அளவு தண்ணீர். போன வருடம் முழங்கால் அளவு. இப்படியே போனால் படகில் வந்து ஜெயித்தார் என்று ஆகிவிடும். என்னை அவர் பாப்பா என்று கூப்பிடுவார். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

எங்கள் இருவர் முன்னாலும் ஆளுக்கொரு பொத்தான் உண்டு. இருமல் வந்தால் அதை அழுத்திக்கொண்டு இருமலாம், வெளியே கேட்காது. சாம்பியன் அதை ஒருநாளும் தொட்டதில்லை. தன் இருமலையும் நேயர்கள் கேட்க வேண்டும் என்று நினைப்பவர்.

ஐந்து மணிக்குச் சற்று முன்பு பந்தய அதிகாரி ஓட்டுநர்களைக் கூப்பிட்டார். ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் இருக்காது, ஆறரைக்கு எங்கள் சேனலில் வேறு நிகழ்ச்சி. மழைக்கும் இருட்டுக்கும் நடுவில் மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் பந்தயத்தை நடத்தியாக வேண்டும். கூரையில் மஞ்சள் விளக்கு வைத்த ஒரு கார் முன்னால் மெதுவாகப் போகும், எல்லோரும் அதன் பின்னால் வரிசையாகப் போக வேண்டும், விளக்கு அணைந்தால் பந்தயம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம். விருப்பம் உள்ளவர்கள் வரலாம், இல்லாதவர்கள் நின்றுகொள்ளலாம் என்றார் அதிகாரி. நடத்தினால் பேர் அவருக்கு, எவனாவது அடிபட்டால் விருப்பப்பட்டு வந்தவன் அவன். பெரிய குடையின் கீழ் நின்று அவர் இதைச் சொன்னார். குடையைப் பிடித்திருந்தவன் முழுதாக நனைந்திருந்தான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவருக்கு வாழ்வும் வந்தது, மழையும் வந்தது, குடைதான் அடுத்தவன் கையில்.

வரமாட்டேன் என்று முதலில் சொன்னவன் சாம்பியனின் மகன். சாம்பியன் அவனைச் சின்னவன் என்பார், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். நல்ல ஓட்டுநர், அப்பனைவிட நல்ல ஓட்டுநர் என்பது என் எண்ணம். அதிகம் பேசமாட்டான். முன்னால் போகிற வண்டி கண்ணுக்குத் தெரியாதபோது ஓட்டுவது ஓட்டுவதே இல்லை என்று மட்டும் சொன்னானாம். அவனைப் பார்த்து இன்னும் மூன்று பேர் பின்வாங்கினார்கள்.

செய்தியை நான்தான் மைக்கில் படித்தேன். படித்துவிட்டு சாம்பியனைப் பார்த்தேன். பெற்றவர்தானே, ஒரு வார்த்தை பரிந்து பேசுவார் என்று நினைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"சர்க்கரையில செஞ்ச பசங்க" என்றார் சாம்பியன். "நனைஞ்சா கரைஞ்சிடுவாங்க. என் வீட்டுலயும் ஒண்ணு அப்படித்தான் இருக்கு, என்ன செய்யறது. எங்க காலத்துல குடை கேட்டவன் எவனும் இல்ல."

ஒளிபரப்பு வேனுக்குள் உட்கார்ந்து என் காதுக்குள் பேசும் தயாரிப்பாளர் சந்தோஷத்தில் கிறீச்சிட்டார். அப்பா மகன் சண்டை, இதைவிட என்ன வேண்டும், விடாதீர்கள் என்றார். சாம்பியனும் விடவில்லை. பயம் ஒரு வியாதி என்றார், அது தாய் வழியில் வருவது என்றார். மழை நேரத்தில் வேறு வேலை இல்லாததால் கேரேஜ் ஒவ்வொன்றிலும் டிவியைச் சத்தமாக வைத்திருந்தார்கள். எங்கள் கேமராக்காரன் சின்னவன் முகத்தையே பிடித்துக்கொண்டிருந்தான். டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து, தன் அப்பா தன்னைப் பற்றிப் பேசுவதை ஊரோடு சேர்ந்து அவனும் கேட்டான். எங்கள் நிருபர் பெண் ஒருத்தி மைக்கை அவன் வாயருகே நீட்டி, அப்பா சொல்வதற்கு என்ன பதில் என்று கேட்டாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கென்றே ஆள் எடுத்து அடையாள அட்டையும் கொடுத்திருக்கிறோம்.

"அவர் ஓட்டியிருக்காரு. அவருக்குத் தெரியும்" என்றான் சின்னவன். எழுந்து ஹெல்மெட்டை எடுத்தான். அவனைப் பார்த்துப் பின்வாங்கிய மூன்று பேரும் இப்போது அவனைப் பார்த்து எழுந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் தயாரிப்பாளருக்கு அந்த யோசனை வந்தது. கிடங்கிலிருந்து சாம்பியனின் பழைய பந்தயப் படத்தைத் தேடி எடுத்து வைத்திருந்தார்கள். இதுவரை வெற்றி மேடையை மட்டும்தான் திரும்பத் திரும்பப் போடுவோம். இன்று நிரப்ப வேண்டிய நேரம் நிறைய இருந்ததால் முழுப் பந்தயத்தையே ஓடவிட்டார். சாம்பியன் மைக்கில் தன் மழையைப் பொழிந்துகொண்டிருக்க, திரையில் அவருடைய கார் வந்தது.

எனக்கு முதலில் என்ன வித்தியாசம் என்று பிடிபடவில்லை. ஏதோ ஒன்று அதிகமாக இருந்தது. பிறகு பார்த்தேன். காருக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒன்று கூடவே ஓடியது. நிழல். ஒவ்வொரு காருக்கும் ஒரு நிழல் இருந்தது. கேலரியில் பெண்கள் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்திருந்தார்கள். தார் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. பத்து மணிக்குத் தொடங்கிய பந்தயம். மழை வருவதற்கு முன்பே முடிந்துபோன பந்தயம்.

சாம்பியனும் திரையைப் பார்த்தார். பேச்சு ஒரு நொடி தட்டியது, உடனே டயர்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மரியாதை என்று ஒரு சனியன் இருக்கிறதே. விளம்பரம் வரட்டும் என்று காத்திருந்தேன். விளம்பரம் வந்தது, மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது.

"நிழல் விழுது சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"மழை பெஞ்சது பாப்பா. நெஜமாவே பெஞ்சது."

"எப்போ?"

"மேடையில ஏறினப்ப." கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "போட்டோவைப் பார்த்துட்டு அவங்களாத்தான் சொன்னாங்க. நான் இல்லன்னு சொல்லல. சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே நனைஞ்ச மாதிரிதான் இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு படத்தை மாட்டி, அதன் கீழ் ஒரு பிள்ளையை வளர்த்து, அவன் சாப்பிட உட்கார்ந்தபோதெல்லாம் அந்த ஈரத்தைக் காட்டி, இன்று ஊர் முன்னால் அவனைச் சர்க்கரை என்று சொன்னவர். கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் ஓட்டியவர்.

"அவனுக்குத் தெரியுமா?" என்றேன்.

தலையை ஆட்டினார். இல்லை என்று.

"மைக் வந்ததும் சொல்லிடுங்க. கேரேஜ்ல டிவி ஓடுது. அவன் இன்னும் வண்டியில ஏறல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நின்னுடுவான்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சொல்லுவார் என்றுதான் தோன்றியது. அந்த முகத்தில் முதல் முறையாக ஒரு மனிதன் தெரிந்தான். விளம்பரத்தில் யாரோ ஒருத்தி துணி துவைத்து வெயிலில் உலர்த்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அன்னிக்கு மழைன்னா" என்று தொடங்கினார் சாம்பியன், அதே குரலில், "இதெல்லாம் ஒரு மழையா?"

பழக்கம்தான். விளக்கு எரிந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். செக்குமாடுகூட எப்போதாவது நிற்கும்.

நான் குறுக்கே பேசினேன். ஆறு வருடத்தில் அவரைக் குறுக்கிட்டது அதுதான் முதல் தடவை. நேயர்களே, இந்தப் பழைய படத்தில் தரையைப் பாருங்கள் என்றேன். ஒவ்வொரு காருக்கும் நிழல் விழுகிறது, அன்றைக்கு வெயில், பந்தயம் நடந்தபோது ஒரு சொட்டு மழை இல்லை, காலை பத்து மணிக்குத் தொடங்கியதால் இல்லை என்றேன். சின்னவன் சொன்னதுதான் சரி என்றும் சொன்னேன்.

முடித்துவிட்டு கேரேஜைக் காட்டும் திரையைப் பார்த்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. என் குரல்தான் அங்கே கேட்டிருக்கும். டயர் அடுக்கின்மேல் யாரும் இல்லை. விளம்பரம் ஓடிய நேரத்தில் அவனைக் காரில் உட்காரவைத்து, பட்டைகளை இறுக்கி, வெளியே தள்ளிவிட்டிருந்தார்கள். ஹெல்மெட்டுக்குள் அவனுடைய குழுவினரின் குரல் மட்டும்தான் போகும். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன், அவனுக்குத்தான் கேட்காது. டிவி முன்னால் ஒரு மெக்கானிக் மட்டும் வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தான்.

"அடி தூள்" என்றார் தயாரிப்பாளர் என் காதுக்குள். "ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போடறேன். விடாதீங்க மேடம்."

சொன்னபடியே போட்டார். இடது பாதியில் வெயில். வலது பாதியில் மஞ்சள் விளக்கு வைத்த கார், அதன் பின்னால் வெள்ளையாகத் தண்ணீர்த் திரை, திரைக்குள் சின்னச் சின்னதாகச் சிவப்புப் பின்விளக்குகள். முதல் சுற்றில் விளக்குகளை எண்ண முடிந்தது. இரண்டாவது சுற்றில் முன்னால் இரண்டு மட்டும் தெரிந்தன. கார் எண்களோ நிறமோ தெரியவில்லை. யார் எங்கே போகிறார்கள் என்று சொல்வதுதான் என் வேலை. தெரியவில்லை என்று சொன்னேன். அன்று மாலை நான் சொன்ன இரண்டாவது உண்மை அது.

சாம்பியன் என்மேல் பாய்வார் என்று எதிர்பார்த்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து திரைக்கு அருகே குனிந்திருந்தார். ஒரு கை மட்டும் பின்னால் நீண்டு, மேஜையில் எதையோ தடவித் தேடியது. இருமல் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தியது.

"எது அவன் வண்டி?" என்றார். என்னிடம்தான் கேட்டார். நேயர்களுக்குக் கேட்காது. "பாப்பா, இதுல எது அவன்?"

சுற்று முடியும் இடத்தில், மழைக்குள், மஞ்சள் விளக்கு அணைந்தது. பின்னால் இருந்த வெள்ளை முழுவதும் ஒரேயடியாக இரைந்தது. சாம்பியனின் விரல் பொத்தானை விடவில்லை, நகம் வெளுத்திருந்தது, வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இடது பாதியில் அவருடைய கார் காய்ந்த பாதையில், தன் நிழலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிதானமாக வளைவில் திரும்பியது.