ஒரு நிமிடம் பின்னால்

நாலேகால் மணிக்குக் காற்று அடங்கியது. சிறிய விமானங்களுக்கு அதுதான் நல்ல நேரம். பல் டாக்டர், விமான மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குவதற்காகத் திரும்பிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் அவள் கொழுந்தன், தன் காரை வேறு யாரோ ஓட்டுவதைப் பார்ப்பவன் போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விமானம் இருவருக்கும் பொது.

அந்த மைதானத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. இப்படிப் போ, அப்படிப் போ என்று சொல்ல ஆளும் கிடையாது. எங்கே பறக்கிறோம் என்று அவரவரே ரேடியோவில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். போன மாதம் ஒருவர் சொல்ல மறந்தார். அவருடைய சக்கரங்கள் கொழுந்தனின் தலைக்கு மேலே உரசாத குறையாகப் போயின. டயரில் ஒட்டியிருந்த சேறுகூடத் தெரிந்தது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். மறுநாளே இந்தப் பெட்டியை வாங்கிவந்தான்.

கைக்கு அடக்கமான பெட்டி. பறக்கும் ஒவ்வொரு விமானமும் தன் இடத்தையும் உயரத்தையும் அலையாக அனுப்பிக்கொண்டே இருக்கும். பெட்டி அதைப் பிடித்துத் திரையில் ஓர் அம்பாகக் காட்டும்.

"பின்னால் விமானம். அதே உயரம்," என்றது பெட்டி.

அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். கழுவிய தட்டு போல வானம்.

"தம்பி, பின்னாடி யாரோ வர்றாங்க."

"யாரும் வரல அண்ணி. அது நாமதான். நம்ம ப்ளேன் அனுப்புறதையே பிடிச்சுக்கிட்டு வேற யாரோன்னு பயப்படுது. கண்ணாடியப் பாத்துக் குரைக்கிற நாய் மாதிரி."

"நல்ல பெட்டியாப் பாத்து வாங்கின போ."

"வாங்கினவன் புத்திதானே அதுக்கும் இருக்கும்."

அவள் சிரித்தாள். ஆனாலும் திரையிலிருந்து கண் விலகவில்லை. அந்த அம்பு அவர்கள் மேல் இல்லை, பின்னால் இருந்தது. கீழே இருந்த தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே அவள் திரும்பியபோது அது திரும்பவில்லை. நேராகவே வந்தது. ஒரு நிமிடம் கழித்து, அதே தொட்டிக்கு நேர் மேலே திரும்பியது.

இறங்கியபோது வேலியோரம் மகள் ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் மேல் உட்கார்ந்தால்தான் அவளுக்கு ஜன்னல் எட்டும். எட்டு வயது. இதுவரை ஏறியதில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று அம்மா தள்ளிக்கொண்டே வந்தாள். நச்சரிப்புத் தாங்காமல் இன்றைக்குச் சரி என்றுவிட்டாள்.

"ஏறு வாலு," என்றான் கொழுந்தன்.

"சித்தப்பா, அப்பா மொட்டை மாடியில நிக்கிறேன்னாரு."

"நிக்கட்டும். அவர் தலைக்கு மேலயே ஒரு வட்டம் போட்டுருவோம். சித்தப்பா வட்டம்னா சும்மா இல்ல. உயரம் ஒரு சாண் மாறாது. ஆரம்பிச்ச இடத்துலயே போய் முடியும். அங்க நாம கலக்கிவிட்ட காத்து அப்படியே நிக்கும், அதுல நாமளே போய் இடிப்போம்."

"இடிச்சா ஃபெயிலா?"

"இடிச்சாத்தான் பாஸு."

பெட்டியில் சார்ஜ் இறங்கிச் சிவப்பு விளக்கு மின்னியது. "இத நீங்க கொண்டுபோய் சார்ஜுல போடுங்க அண்ணி. எனக்குக் கண்ணு இருக்கு," என்று அவள் கையில் திணித்தான். மகளின் பெல்ட்டை அவள் இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

ஓடுதளத்தோரக் கொட்டகையில், மேசை மேல் இருந்த சார்ஜரில் பெட்டியைச் செருகினாள். கதவு வழியே விமானம் மேலே போவது தெரிந்தது. திரையில் ஓர் அம்பு எழுந்தது. ஓடுதளம் காலியாகக் கிடந்தது. மற்ற இரண்டு விமானங்கள் தார்ப்பாய்க்குள் கட்டிக் கிடந்தன.

ஒரு நிமிடம் போனது. ஓடுதளத்தின் ஓரப் புல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வரிசையாகப் படுத்து எழுந்தது. சத்தம் இல்லை. திரையில் இரண்டாவது அம்பு தரையை விட்டுக் கிளம்பியது.

அவள் பெட்டியைப் பார்த்தாள். அது இப்போது விமானத்தில் இல்லை. கொட்டகையில் அலை அனுப்ப எதுவும் இல்லை. கண்ணாடியே இல்லாத இடத்தில் நாய் எதைப் பார்த்துக் குரைக்கிறது?

சுவரில் மாட்டியிருந்த கை ரேடியோவை எடுத்தாள்.

"தம்பி, உனக்குப் பின்னாடி ஒண்ணு வருது."

"சார்ஜு ஏத்தியும் அதுக்குப் புத்தி வரலையா அண்ணி?"

"வெளையாடாத. பெட்டி இங்க இருக்கு, நீ அங்க இருக்க. அப்புறம் எப்படி ரெண்டு காட்டும்? நீ போன வழியிலயே, உன் உயரத்துலயே, ஒரு நிமிஷம் பின்னாடி வருது."



"கெளம்பினதுல இருந்து பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். வானம் காலி அண்ணி."

"இருக்கட்டும். நேராப் போ. வட்டம் மட்டும் போடாத. ஒரு வட்டத்துக்கு ஒரு நிமிஷம் ஆகும். நீ சுத்திட்டு ஆரம்பிச்ச இடத்துக்கு வர்ற நேரம், அதுவும் அங்க வந்திருக்கும்."

"அய்யய்யோ, போட்டாச்சே. பாதி தாண்டிட்டோம். கீழ அண்ணன் ரெண்டு கையையும் ஆட்டுறாரு."

திரையில் முதல் அம்பு அரிவாள் போல வளைந்து வந்தது. இரண்டாவது நேராக வந்தது. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

"மேல ஏறு! இப்பவே ஏறு!" என்று கத்தினாள். பொத்தானை விட்டதும் ரேடியோவில் மகளின் குரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. விமானத்தில் இரண்டு இருக்கைக்கும் ஒவ்வொரு பேச்சுப் பொத்தான் உண்டு. சின்ன விரல் தன் பக்கத்துப் பொத்தானை அமுக்கிப் பிடித்திருந்தது. அந்த விரல் எழும்வரை வெளியிலிருந்து யார் என்ன கத்தினாலும் உள்ளே கேட்காது.

"...அம்மா, கேக்குதா? என் ஜன்னல்ல ஒரு ப்ளேன் வந்திருக்கு. நம்மளுது மாதிரியே வெள்ளை, நீலக் கோடு. சித்தப்பா, இங்க பாருங்களேன்."

அவள் குரலுக்குப் பின்னால் கொழுந்தனின் குரல் கேட்டது. "இரு வாலு, இப்பத் திரும்பினா உயரம் மாறிடும். இன்னும் கொஞ்சம்தான்."

"அது நகரவே மாட்டேங்குது அம்மா. இருந்த இடத்துலயே பெருசாகுது."

ஜன்னலில் நகர்ந்து போகிற விமானம் கடந்து போய்விடும். நகராமல் நின்று பெரிதாகிற விமானம்தான் வந்து மோதும். பறக்கிற எல்லோருக்கும் இது தெரியும். அவள் வெளியே ஓடினாள். கட்டடங்களுக்கு மேலே, தூரத்தில், சாய்ந்த வெள்ளைப் புள்ளி ஒன்றே ஒன்று இருந்தது. பொத்தானை அமுக்கினாள், கத்தினாள், விட்டாள். மறுபடி அமுக்கினாள். விடும்போதெல்லாம் மகள் பேசிக்கொண்டிருந்தாள்.

"அதுலயும் சித்தப்பா இருக்காரு. பக்கத்துல தலையணை மேல நான் உக்காந்திருக்கேன். என்னையே பாக்குறேன். அம்மா, கை காட்டட்டுமா?"